சிட்ரிக் அமிலத்தின் உப்பான சோடியம் சிட்ரேட்டோடு உங்கள் முதல் சந்திப்பு எது?

ஆய்வகப் பணியாளர், மதுரை:
ரத்தம் எடுக்கும் நீல மூடி டியூபின் அடியில் தண்ணீர் போலக் கிடப்பதைப் பார்த்து, "கழுவிட்டு அப்படியே வச்சிட்டீங்களா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அது 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோதனையின்போது கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில் மாட்டிக்கொண்டேன். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. நரம்பே கிடைக்காத ஒரு பாட்டியிடம் அரை டியூப்தான் வந்தது. சரி, போதும் என்று அனுப்பிவிட்டேன். உறையும் நேரம் எக்கச்சக்கமாக ஏறி நின்றது. டாக்டர் பதறி மறுபடி எடுக்கச் சொன்னார். நிறைத்து எடுத்ததும் நார்மல். மிஞ்சிய சிட்ரேட், சோதனைக்குப் போட்ட கால்சியத்தையும் விழுங்கியிருக்கிறது. கோடு வரை ஏறாத டியூபை இப்போது நான் அனுப்புவதே இல்லை.

தட்டணு கொடுத்தவன், சென்னை:
அண்ணா, நீங்கள் டியூபில் பார்த்ததை நான் உதட்டில் உணர்ந்தேன். டெங்கு சமயத்தில் நண்பரின் மகளுக்குத் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்கப் போனேன். மெஷின் ரத்தத்தை இழுத்து, தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றும். ரத்தம் மெஷினில் உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட்டும் கூடவே உள்ளே வந்து, உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. பயந்துபோனேன். நர்ஸ் அக்கா அலட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைத்து, மெல்லுவதற்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தார். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் ரத்தம் ஏற்ற முடியுமாம். 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை ஏற்றிக் காட்டினார்கள். மறு வருடம் நியூயார்க்கில் ரிச்சர்ட் லூயிசோன், 0.2 சதவீதமே போதும், அந்த அளவு ஆபத்தில்லை என்று காட்டினார். இன்று சிட்ரேட்டோடு பாஸ்பேட், டெக்ஸ்ட்ரோஸ், அடினைன் சேர்த்த பையில் ரத்தம் 35 நாள் தாங்குகிறது.

அடுப்படிக்காரி, கோவை:
நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் ரத்தம் என்கிறீர்கள், எனக்கு இது சீஸில் அறிமுகம்! மகன் கேட்டான் என்று செடார் சீஸைத் துருவிப் பாலில் காய்ச்சினேன். எண்ணெய் தனியாக, ரப்பர் கட்டி தனியாக. சிட்ரேட் இருந்தால் திரியாது என்றார்கள். பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 6 கிராம், ஆப்ப சோடா 8 கிராம் எடுத்துத் தண்ணீரில் கலந்தேன். சின்ன டம்ளரில் கலந்தது என் புத்தி, நுரை பொங்கி மேடை முழுக்க ஓடியது. பெரிய பாத்திரத்தில் மறுபடி கலந்து, நுரை அடங்கியதும் ஒரு கப் பால், கால் கிலோ சீஸ். பட்டு மாதிரி வந்தது!

இங்கேயும் அதே கால்சியம்தான். பால் புரதத்தை இறுக்கிக் கட்டியிருக்கும் கால்சியத்தை சிட்ரேட் பிடுங்கிக்கொள்ள, புரதம் தளர்ந்து கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிறது. சீஸ் ஸ்லைஸ் உறையில் 331 என்ற எண் இருந்தால் அது இதுதான். உப்புக் கரிக்கும், தனியாக உப்புப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன்.

மருந்துக்கடைக்காரர், தஞ்சாவூர்:
வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை விட்டுவிட்டீர்களே. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் இது 2.9 கிராம். முன்பு அந்த இடத்தில் சமையல் சோடா இருந்தது. ஈரம் பட்டால் கட்டிதட்டி நிறம் மாறிவிடும், அதனால்தான் மாற்றினார்கள். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் சிரப்பும் இதன் பங்காளிதான், டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். அதில் சோடியம் இருப்பதால் பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டால் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். "வெறும் எலுமிச்சை சிரப்தானே" என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.