முறுக்குப் பட்டறையில் தீப்பாதுகாப்பு: முதலாளியிடம் எதை முதலில் கேட்பது?

மாலா_சிப்புட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு முறுக்குப் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறேன். கடைவீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. முன்னால் பேக்கிங், நடுவில் மாவு பிசைவது, பின்னால் அடுப்பு. மொத்தம் 14 பேர், பாதிக்கு மேல் தோட்டத்திலிருந்து வேனில் வரும் பெண்கள். தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டால் ஆறு குவாலியும் (வாணலியும்) காலையிலிருந்து இரவு வரை எரியும்.

போன வாரம் மூன்றாவது குவாலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பையனை லோரியில் வந்த மாவு மூட்டை இறக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சுவாலை காற்றாடி வரை நிற்கிறது. ஒரு அக்கா வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தியதால் தப்பித்தோம். கேஸை அடைத்து, மாவு கொட்டும் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைச் சரித்து மூடினோம், அணைந்தது. யாருக்கும் காயமில்லை. கூரையில் மட்டும் கரி.

முதலாளி "அதான் அணைஞ்சிடுச்சுல்ல" என்கிறார். கெட்டவர் இல்லை, பள்ளி திறக்கும் மாதம் கேட்காமலே முன்பணம் கொடுப்பவர்தான். தீயணைப்பான் கூட இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று மாவு மூட்டைக்குப் பின்னால், இன்னொன்று அடுப்புக்கு நேர் மேலே. பின் கிரிலில் பெரிய பூட்டு, போன வருடம் எண்ணெய் டின் திருட்டுப் போனதிலிருந்து அப்படித்தான். சாவி அவர் காரில். கேஸ் தோம்பு (சிலிண்டர்) நான்கும் அடுப்பை ஒட்டி. முன்வாசலில் பாதி வழியை அட்டைப்பெட்டி அடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்பார். எதை முதலில் கேட்பது?

பழைய_மில்காரன் பதில்:

தங்கச்சி, முதலில் சாவி. மற்ற எதுவும் அப்புறம்.

நான் செம்பனை மில்லில் பாய்லர் பக்கமே வேலை செய்து ஓய்வு பெற்றவன். தீயை அணைக்க எத்தனை கருவி இருந்தாலும், ஆள் வெளியே போக வழி இல்லை என்றால் அது பாதுகாப்பே இல்லை. உங்கள் பட்டறையில் நடுவில் தீப்பிடித்தால் அடுப்பில் நிற்கும் பெண்கள் எங்கே போவார்கள்? பின்னால் பூட்டு, முன்னால் நெருப்பு. திருடனுக்குப் பயந்து ஆளைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? உள்ளிருந்து கையால் திருகினால் திறக்கிற பூட்டு இருக்கிறது, வெளியிலிருந்து சாவி வேண்டும். இரும்புக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், செலவு பெரிதில்லை. கம்பி இடைவெளியில் கைவிட்டுத் திருகாதபடி உள்பக்கம் ஒரு தகடு அடித்துவிடுங்கள்.

அடுத்தது அந்தத் தண்ணீர் வாளி. ஏன் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள், வெறுமனே "ஊத்தாதே" என்றால் பதற்றத்தில் மறந்துபோகும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். அங்கே இருக்கும் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் எண்ணெய் முழுதையும் அது தூக்கி எறியும், எரிந்துகொண்டே. நீங்கள் செய்தது சரி: கேஸை அடை, மூடு. மூடியைச் சீக்கிரம் திறந்து பார்க்காதீர்கள். எண்ணெய் ஆறும் முன்னால் காற்றுப் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குவாலிக்கும் அளவான மூடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.

முறுக்கு வேகிற சூடு 180 பாகை செல்சியஸ் பக்கம். எண்ணெய் தானாகப் பற்ற அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு வேண்டும். நடுவில் புகை வரும். புகைவதைப் பார்க்க ஆள் இருந்திருந்தால் அன்று தீயே இல்லை. அடுப்புக்காரனை மூட்டை தூக்கக் கூப்பிட்டவர் யாரோ, அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சுவாலை காற்றாடி வரை போனது என்றீர்களே, அதை ஏறிப் பாருங்கள். மில்லில் எங்களுக்குத் தொல்லை கொடுத்தது பாய்லர் நெருப்பு இல்லை, நார். பழக்குலையிலிருந்து வரும் நார்தான் பாய்லருக்கு விறகு. காய்ந்த தூளாக மோட்டார் தலையில், கேபிள் தட்டில், உத்தரத்தில் எல்லாம் படியும். மேலே ஒருவன் வெல்டிங் வைப்பான், பொறி விழுந்தது யாருக்கும் தெரியாது. அவன் சாப்பிடப் போன பிறகுதான் புகையும். அதனால் வெல்டிங் முடிந்து குறைந்தது அரை மணி நேரம் ஒருவன் அங்கேயே நின்று பார்க்க வேண்டும் என்று விதி வைத்தோம். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். உங்கள் காற்றாடியில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கள் நாரும் ஒன்றுதான். வாரம் ஒரு முறை சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள்.

கச்சான்பூத்தே_ராஜா பதில்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் தொழிலாளி பக்கமே பேசுகிறீர்கள். நானும் ஈப்போ புந்தோங்கில் கச்சான்பூத்தே (கடலை, நொறுக்குத்தீனி) வறுப்பவன். என்னிடம் ஆறு பேர். எண்ணெய் விலை ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை. இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு உள்ள சட்டம். எங்களைப் போன்ற ஆளுக்கு எதற்கு?

சுக்காரேலா_தம்பி பதில்:

ராஜா அண்ணே, அது பழைய கதை. 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர், ராணுவம் மாதிரி சில விலக்கு போக எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். உங்கள் ஆறு பேரும் அதில் வருவார்கள். முதலாளி கடமை தவறினால் அபராதம் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, முன்பு 50,000. உடனடி ஆபத்து இருந்து முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. மாலா அக்கா, அந்த ஒருங்கிணைப்பாளர் பதவியை நீங்களே கேட்டு வாங்குங்கள். அப்புறம் பூட்டைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலை ஆகிவிடும், புகார் ஆகாது.

நான் தொண்டூழிய பொம்பா (தீயணைப்பு) படையில் இருக்கிறேன். பூட்டைப் பற்றி மில்கார ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுதான். 2017 செப்டம்பர் 14, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். வாசலில் தீ, ஜன்னலில் இரும்புக் கம்பி. முதலாளி மசியவில்லை என்றால் அந்தச் செய்தியைக் காட்டுங்கள்.

தீயணைப்பான் இரண்டும் இருக்கும் இடம் தப்பு. அடுப்புக்கு மேலே மாட்டினால் எரியும்போது யார் போய் எடுப்பது? வெளியே போகும் வழியில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள். எடுப்பவருக்குப் பின்னால் எப்போதும் வாசல் இருக்க வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா, வருடாந்திரச் சோதனை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அவை ஏபிசி பவுடராக இருக்கும். அட்டைப்பெட்டிக்கும் வயருக்கும் நல்லது. குவாலி எண்ணெய்க்குச் சுவாலையை அடக்கும், சூட்டைக் குறைக்காது, திரும்பப் பிடிக்கலாம். கிட்டப் போய் அடித்தால் எண்ணெயே தெறிக்கும். அடுப்புப் பக்கத்துக்கு எஃப் வகை (சமையல் எண்ணெய்த் தீக்கு உரியது) என்று போட்ட ஈர ரசாயனச் சிலிண்டர் ஒன்றும் தீப்போர்வை ஒன்றும் கேளுங்கள்.

இன்னொன்று. 999 கூப்பிட்டு என்ன சொல்வது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் மலாய் வராது. "கெபாக்காரான்" (தீ விபத்து), கடை முகவரி, பக்கத்தில் என்ன அடையாளம், கேஸ் தோம்பு எத்தனை, உள்ளே ஆள் இருக்கிறார்களா, இவ்வளவு போதும். வெளியே வந்தால் ஒரே இடத்தில் நின்று தலை எண்ணுங்கள். கைத்தொலைபேசி எடுக்க உள்ளே திரும்ப ஓடுகிற ஆளைத்தான் எங்களுக்குப் பயம்.

மாலா_சிப்புட் பதில்:

நன்றி ஐயா, தம்பி. பூட்டு மாறிவிட்டது! திருட்டைப் பற்றித்தான் அவருக்குக் கவலை, உள்தகடு விஷயம் சொன்னதும் அவரே ஆளைக் கூட்டி வந்தார். கோலாலம்பூர்ச் செய்தியைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பெட்டிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கச் சொன்னார், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்றதும் "சம்பளம் கூட்டணுமா?" என்று கேட்டார், பேச்சுவார்த்தை நடக்கிறது. கேஸ் தோம்பில்தான் நிற்கிறோம். வெளியே வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்கிறார். உள்ளேயே வேறு மூலையில் வைத்தால் போதாதா?

பழைய_மில்காரன் பதில்:

மாடிப்படிக்குக் கீழே வேண்டாம். மேலே ஆள் இருந்தால் அவர்கள் இறங்கும் வழியில் விறகு அடுக்கியது மாதிரி. பக்கச் சுவரில் அலமாரி அடிக்கச் சொல்லுங்கள்.

தோம்புக்கு உள்மூலை போதாது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில், சாக்கடையில் தேங்கும். மூக்குக்கு வாடை வருமுன் அடுப்பு நெருப்புக்குப் போய்ச் சேரும். பின்சந்துச் சுவரை ஒட்டி இரும்புக் கூண்டு அடித்து உள்ளே நிற்க வைத்துப் பூட்டுங்கள். இந்த இடத்தில் பூட்டு தாராளமாகப் போடலாம், சாவி மட்டும் அடுப்புப் பக்கம் ஆணியில் தொங்கட்டும். நான்கு பக்கமும் காற்று போகிற வலைக் கூண்டாக இருக்க வேண்டும், தகரம் அடித்து மூடிவிடாதீர்கள். சாக்கடை மூடியிலிருந்து தள்ளி வையுங்கள், பின்கதவு வழியையும் அடைக்கக் கூடாது. சுவர் துளைத்துக் குழாய் இழுப்பதை லைசென்ஸ் உள்ள கேஸ் ஆளிடம் விடுங்கள், உள்ளே அடுப்பை எட்டாமலே அடைக்கிற மாதிரி ஒரு வால்வும் வைக்கச் சொல்லுங்கள். பின்சந்து நகராண்மைக் கழகத்தின் இடம், அதனால் கூண்டு அடிக்குமுன் அவர்களிடமும் பொம்பா நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

அது முடியும் வரை ரப்பர் குழாயில் சவர்க்கார நுரை தடவி வாரம் ஒரு முறை பாருங்கள். குமிழ் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சிரிம் தரமுத்திரை உள்ள குழாய் மட்டும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பது வேண்டாம்.