மின்பட்டியலும் போர்க்கால வரியும்

முள்ளியவளை அக்கா: குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். இந்த மாத மின்பட்டியலின் படத்தை மேலே போட்டிருக்கிறேன். வீட்டுக்குப் புதிதாக எந்தப் பொருளும் வாங்கவில்லை. வெக்கை தாங்காமல் மின்விசிறி சற்றுக் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான். ஆனால் தொகை போன மாதத்தைவிட மிகவும் ஏறியிருக்கிறது. தம்பி, கணக்கில் பிழை ஏதும் இருக்கிறதா?

வவுனியாத் தம்பி: பார்த்தேன் அக்கா, பிழை இல்லை. நீங்கள் 60 அலகைத் தாண்டிவிட்டீர்கள். 60 அலகுக்குள் நிற்கும் வீடுகளுக்குக் குறைந்த விலைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்தவுடன் அது கைவிடப்பட்டு, முதலாவது அலகிலிருந்தே கூடிய விலை போடப்படும். மாதாந்த நிலையான கட்டணமும் உயரும். அதற்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேர்கிறது.

முள்ளியவளை அக்கா: விளங்கியது. இலங்கையில் வரி கட்டுபவர்கள் சிலர்தான், மற்றவர்கள் அவர்களுடைய முதுகில் வாழ்கிறார்கள் என்று நேற்று ஒருவர் காணொளியில் பேசியதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. எங்களிடம் வருமான வரிக் கோப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் காஸ் சிலிண்டரிலும் பிள்ளையின் கொப்பியிலும் நாங்கள் கொடுப்பதற்கு என்ன பெயர்?

மல்லாவிப் பெரியப்பா: பிள்ளை, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த காலத்திலிருந்தே நான் அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டதில்லை. 1991ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் தேசிய பாதுகாப்பு வரி கொண்டுவரப்பட்டது. இறக்குமதியாளரிடமும் உற்பத்தியாளரிடமும் அறவிடப்பட்டதால், வன்னியில் வாங்கிய எவருடைய பற்றுச்சீட்டிலும் அது தெரியவில்லை. ஆனாலும் கொழும்பிலிருந்து வந்த சாமான்களின் விலைக்குள் அது இருந்தது. அந்தப் பணத்தில் நடந்த போரின் ஒரு பகுதியாகத்தான் எரிபொருள், பெட்டரி, சீமெந்து, பசளை எல்லாம் எங்களுக்குத் தடுக்கப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கின் முன்னிருந்துதான் நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். அந்தத் தடைக்கும் எங்களிடமிருந்தே காசு எடுக்கப்பட்டது என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர், கொழும்பின் வரியைச் சுமந்து வந்த அதே சாமானுக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இப்பால் விடுதலைப் புலிகள் இயக்கமும் வரி எடுத்தது. அதன் கணக்கைக் கேட்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. போர் நடக்கும்போது கணக்குக் கேட்பவன் எதிரியின் ஆளாகப் பார்க்கப்படுகிறான். இரண்டு பக்கத்திலும் நான் கண்டது அதைத்தான்.

கனடாச் சித்தப்பா: அண்ணா, நீங்கள் சொல்லும் பழைய கதையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்றைய சுமையை அதனுடன் முடிச்சுப் போடலாமா? 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கினார்கள். அரசின் வருமானம் விழுந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கும் நிலை வந்தது. வரி இல்லாமல் ஆசுபத்திரியும் பள்ளிக்கூடமும் நடக்காது. இங்கே ஒன்ராறியோவில் நாங்களும் 13 சதவீதம் கட்டுகிறோம். அரிசி, பால், மரக்கறி போன்றவற்றுக்கு இல்லை.

மல்லாவிப் பெரியப்பா: வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. 2019இல் செய்த குறைப்பு பெரும் பொறுப்பின்மை என்பதில் உன்னுடன் நிற்கிறேன். நான் கேட்பது, போருக்கென்று தொடங்கிய செலவு போர் முடிந்த பின்னர் எங்கே போனது என்பதையே. பாதுகாப்பு வரி 2002 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. அதற்கும் பொருட்கள் சேவைகள் வரிக்கும் பதிலாகவே இன்றைய வற் வரி வந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அதன்பின் 13 ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2023 ஜனவரியில்தான், 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது. அதையும் திறைசேரி வற்றிய பிறகுதான் அறிவித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் அந்தச் சம்பளத்தையும் சாப்பாட்டையும் யார் கொடுத்தார்கள்? பிள்ளையின் கொப்பியிலிருந்தும் அதற்குக் காசு போயிருக்கிறது.

வவுனியாத் தம்பி: பெரியப்பா சொல்வதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. முல்லைத்தீவில் சிறிய படகு வைத்திருந்தவர்கள் பலர் இயந்திரத்தைக் கழற்றி வீட்டில் வைக்கும் நிலைக்கு வந்ததை அக்கா அறிவார். 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 18 சதவீதமானபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த டீசலும் காஸும் அதற்குள் வந்தன. டீசல் ஏறினால் உழவுக் கூலியும் வெட்டு மெசின் வாடகையும் ஏறும். நெல்லை வாங்குபவர் மட்டும் விலையை ஏற்றுவதில்லை.

முள்ளியவளை அக்கா: என் கண் முன்னே இருப்பதைச் சொல்கிறேன். கேப்பாப்புலவில் 2017இல் இராணுவத்தின் பிடியிலிருந்த தங்கள் காணிக்காக வீதியோரத்தில் இரவு பகலாக இருந்தவர்களில் ஒரு குடும்பம் எங்களுக்கு அடுத்த வளவில் வாடகைக்கு இருக்கிறது. காணியில் ஒரு பகுதியினருக்கு விடுவிப்புக் கிடைத்தது; இவர்களுடைய தென்னைகள் இன்னும் முகாம் வேலிக்குள் நிற்கின்றன. அந்த அம்மா தேங்காயைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார். அந்த முகாமை நடத்தும் செலவுக்கும் அவரிடமிருந்து வரி போகிறது. சித்தப்பா, இதைப் பழைய கதை என்று எப்படி ஒதுக்குவது?

கனடாச் சித்தப்பா: ஒதுக்கவில்லை மகள். அந்த அம்மாவின் நிலை எனக்குத் தெரியாது. தெரிந்த பின்னர், முடிச்சுப் போடலாமா என்று கேட்டதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. ஆனால் நாங்கள் இங்கே பேசிக்கொண்டிருப்பதால் அவருக்கு என்ன கிடைக்கும்?

மல்லாவிப் பெரியப்பா: எழுத்தில் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. போர்க்காலத்தில் எங்களுக்கு இல்லாத கதவு அது. அந்தக் காணி எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது, அதிலுள்ள மரங்களின் வருமானம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று கேட்கலாம். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மறுப்பதானால் அந்தக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து மேன்முறையீடு செய்யலாம்.

வவுனியாத் தம்பி: விண்ணப்பத்தை நான் தமிழில் தயாரிக்கிறேன். அக்கா, அந்த அம்மாவின் சம்மதத்தைக் கேட்டு, காணியின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கிராம அலுவலர் பிரிவையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். உங்கள் மின்பட்டியலில் பெயரும் கணக்கு இலக்கமும் தெரிகின்றன, அந்தப் படத்தையும் அழித்துவிடுங்கள்.

முள்ளியவளை அக்கா: அழித்துவிட்டேன். பின்னேரம் அவர் தண்ணீர் அள்ள வரும்போது கேட்டுச் சொல்கிறேன்.