மலருக்கான இராமநாதன் குறிப்பு: 14 வருடத்தைக் காணவில்லை

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

ஒன்றுகூடல் மலருக்கென்று லண்டன் தம்பி அனுப்பிய சேர் பொன். இராமநாதன் குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். குதிரை வண்டி இழுத்த கதை இருக்கிறது, மருதனார்மடத்துப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கொச்சிக்கடைக் கோவில் இருக்கிறது. நல்லது. ஆனால் 1892இலிருந்து 1906 வரை அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரலாக, அதாவது சட்டமா அதிபருக்கு அடுத்த படியிலுள்ள அரச வழக்கறிஞராக, 14 வருடம் இருந்தவர். அரசாங்க உத்தியோகம் என்றால் எழுந்து நின்று கதைக்கிற வீடுகளில் வளர்ந்த நாங்கள் அதை எப்படி விட்டோம் என்று விளங்கவில்லை.

முதலில் இரண்டு திருத்தம். "மானிப்பாயில் பிறந்தவர்" என்பது சரியல்ல. தகப்பன் வழிதான் மானிப்பாய். அவர் பிறந்தது 1851 சித்திரையில், கொழும்பில். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் இதற்காகக் கோவித்துக்கொள்ள மாட்டார். அடுத்தது, சப்பாத்து அடிக்குள் கடிதத்தை ஒளித்து லண்டனுக்குக் கொண்டு போனவர் இராமநாதன் அல்லர். அந்தக் கதை, 1915 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போன சிங்களத் தலைவர் ஈ. டபிள்யூ. பெரேராவுடையது.

சரி, உத்தியோகத்துக்கு வருகிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பியவர், அப்போது குயின்ஸ் அட்வகேட்டாக (பிற்காலத்தில் சட்டமா அதிபர் என்று பெயர் மாறிய பதவி) இருந்த றிச்சார்ட் மோர்கனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்து (வழக்கறிஞர்) ஆனார். தொழில் தொடங்கிய காலத்திலேயே ஒரு பெரிய வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். சுப்ரீம் கோட்டின் பழைய தீர்ப்புகளை, 1820ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போய்த் தேடித் தொகுத்து அச்சேற்றினார். முன்பு ஒரு வழக்கில் கோடு என்ன சொன்னது என்பது கையில் இல்லாவிட்டால் அப்புக்காத்து எதை வைத்து வாதாடுவது? ஊரில் ஒரு பிரக்கிராசியின் (சட்டத்தரணியின்) கந்தோரில் நான் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த நாட்களில், "ராமநாதன் ரிப்போட்" என்று ஐயா சொல்லச் சொல்ல எத்தனையோ தரம் அடித்திருக்கிறேன். அந்த ராமநாதன் எங்கள் ஊர் ராமநாதன்தான் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

1879இல் மாமன் முத்துக்குமாரசுவாமி இறந்துபோக, சட்டநிரூபண சபையின் (அன்றைய சட்டசபையின்) தமிழ் ஆசனம் இவருக்கு வந்தது. வயது 28. அது ஆளுநர் நியமித்த இடம், தேர்தல் கிடையாது. 13 வருடம் அங்கே அரசாங்கத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், 1892இல் அதே அரசாங்கத்தின் வழக்கறிஞர் ஆனார். இன்றைக்கென்றால் விலை போய்விட்டார் என்று முகநூலில் கிழித்திருப்போம்.

அந்தக் கதிரை சும்மா அலங்காரக் கதிரை அல்ல. முடியின் பெயரில் வழக்கு நடத்துவது, திணைக்களங்கள் அனுப்பும் கோவைகளைப் பார்த்துச் சட்ட ஆலோசனை எழுதுவது, எந்த அதிகாரி தன் எல்லையை எங்கே மீறுகிறான் என்று மணந்து பிடிப்பது, இதெல்லாம்தான் அன்றாடம். 1903இல் மூத்த வழக்கறிஞருக்குரிய கிங்ஸ் கவுன்சல் பட்டமும் வந்தது. சட்டமா அதிபர் வெளியே போன வேளைகளில் அந்தப் பதவியையும் பதிலுக்குப் பார்த்தார். நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. அவருடைய குரு மோர்கன் இலங்கையில் பிறந்த பறங்கியர் (ஐரோப்பிய வழி வந்தவர்), அவர் உச்சிக்குப் போனார். சீடனுக்கு ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. ஏன் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில்தான் மனிதர் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவக் கண்ணோட்டத்தில் ஆங்கிலத்தில் உரையும் எழுதினார். பகலில் குற்றப்பத்திரிகை, இரவில் விவிலியம்!

ஓய்வு பெற்ற பிறகு, 1911இல், படித்த இலங்கையருக்கென்று முழுத் தீவுக்கும் ஒரேயொரு ஆசனம் வந்தது. வாக்காளர் மூவாயிரம் பேர் கூட இல்லை. மார்க்கஸ் பெர்னாண்டோவை 1,645க்கு 981 என்று வென்றார். "சிங்களவரும் தமிழனுக்கு வாக்களித்த பொற்காலம்" என்று குறிப்பில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். பெர்னாண்டோ சிங்களக் கரையார் சாதிக்காரர், கொய்கம சாதிச் சிங்களவர் பலர் இந்தப் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாதி பார்க்காத தேர்தல் அல்ல அது.

இனி 1915. அந்தக் கதையைச் சொல்லும்போது வண்டியைவிட முக்கியம் வழக்கு என்பது என் எண்ணம். மே கடைசியில் கண்டியில் தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது. ஜூன் 2இல் போட்ட இராணுவச் சட்டத்தை மட்டும் ஓகஸ்ட் முடிவுவரை எடுக்கவில்லை. ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள், சிங்களத் தலைவர்களான சேனநாயக்க சகோதரர்களை மறியலில் (சிறையில்) போட்டார்கள். அதிகாரிகள்மேல் பிறகு எவரும் வழக்குப் போடாதபடி பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இராமநாதன் சபையில் எழும்பியபோது அழுது புலம்பவில்லை. 14 வருடம் அரசின் கோவைகளை வாசித்த கண்ணால் தேதி, கட்டளை, வாக்குமூலம் என்று அடுக்கினார். எந்த இயந்திரத்தை ஓட்டினாரோ அதன் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று காட்டினார். 64 வயதில், யுத்தக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நடுவே லண்டன் போனார். அந்தப் பேச்சுகளும் ஆவணங்களும் 1916இல் அங்கே புத்தகமாக வந்தன. ஆளுநர் சால்மர்ஸை 1915 முடிவிலேயே திருப்பி அழைத்துவிட்டார்கள். அப்புறம்தான் கொழும்பில் குதிரையை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் வண்டியை இழுத்தது.

ஆனால் அந்தக் கலவரத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அரச கணக்குப்படி 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. தங்கள் பக்கம் வாதாட இராமநாதன் வரவில்லையே என்ற மனத்தாங்கல் அவர்களிடம் இன்றும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே என்று 1880களில் அவர் பேசியதும் எழுதியதும் ஏற்கனவே ஆறாத புண்ணாக இருந்தது. மலர் யாழ்ப்பாண முஸ்லிம் நண்பர்கள் கைக்கும் போகும் என்பதால் இதை விடக் கூடாது.

கடைசியாக, டொனமூர் விவகாரம், அதாவது வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்று சொன்ன பிரித்தானிய ஆணைக்குழுவின் கதை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார். ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் வேண்டாம் என்றார். அதற்காக 1930இல் லண்டனுக்கும் போனார். அந்த வருடம் நவம்பர் 26இல் காலமானார். அடுத்த வருடமே எல்லோருக்கும் வாக்குரிமையோடு தேர்தல் வந்தது. சட்டம் அவ்வளவு தெரிந்த மனிதருக்கு இது ஏன் தெரியவில்லை என்று யோசிக்க எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஊர்ப் பெருமைக்கு இடைஞ்சல் என்று இதை வெட்டினால் என் பெயரைக் குறிப்பில் போட வேண்டாம்.

தம்பி, குறை நினைக்காதே. உன் நடை நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டு இதைச் சேர்த்து எழுது. இடம் போதாவிட்டால் கோவில் படத்தைச் சிறிதாக்கலாம். சிட்னி அக்கா, உங்கள் வீட்டு அலுமாரியில் மருதனார்மடத்துப் பழைய ஆண்டு மலர் ஒன்று இருந்ததாக ஞாபகம். முன்பக்கத்தை ஸ்கான் எடுத்து அனுப்ப முடியுமா? அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம்.