அப்பப்பாவின் பிஸ்கட் ரின்னில் கிடந்த பித்தளைச் சாமான்கள்: ஒல்லாந்தர் துவக்கினுடையதா?

உவர்மலையான்:
அப்பப்பா இங்கே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பட்டறை வேலை பார்த்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தார். அவருடைய பழைய பிஸ்கட் ரின் ஒன்று அகப்பட்டது. உள்ளே துவக்குப் பிடியின் அடியில் வரும் பித்தளைத் தகடு. அதில் சின்னக் கதவு, திறந்து விட்டால் இன்றைக்கும் டக்கென்று மூடுகிறது. விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி, மூடியோடு சேர்ந்தபடி உள்ளே இறங்கும் சின்னக் கரண்டி. குப்பியின் அடியில் காகத்தின் கால் மாதிரி மூன்று கோடு. நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு. நாணயம் அளவில் ஒரு வட்டு, நடுவில் துளை, எழுத்து தேய்ந்துவிட்டது, 112 என்ற இலக்கம் மட்டும் தெரிகிறது. அதோடு உடைந்த மரத்துண்டு ஒன்று, எஸ்.எல்.ஏ.இசட். என்று குத்தியிருக்கிறது.

சித்தப்பா இதெல்லாம் கோட்டையில் எடுத்த ஒல்லாந்தர் துவக்கின் சாமான் என்கிறார். பழம்பொருள் வாங்கும் ஒருவரும் அதையே சொல்லி விலை பேசுகிறார். அந்த நான்கு எழுத்தும் ஒல்லாந்தப் படைப்பிரிவின் பெயராம். உண்மையா?

பித்தளைப்பெட்டி:
இல்லை தம்பி. ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலை பிரிட்டிஷ் கைக்குப் போனது 1795இல். அந்தக் காலத்துத் துவக்குக்கு வாய்ப்பக்கமாக மருந்தும் குண்டும் இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும், சக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி. ஒல்லாந்தக் கொம்பனியின் சாமான் என்றால் வீ என்ற எழுத்தின் இரண்டு கையிலும் ஓவும் சியும் கோத்த முத்திரையைத் தேட வேண்டும். நீர் சொல்கிற காகக்கால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி.

கதவுள்ள தகடு, குப்பி, கயிறு மூன்றும் பிரிட்டிஷ் படை பாவித்த லீ என்பீல்ட் றைபிளின் சாமான்கள். அந்தக் கதவைத் திறந்தால் பிடி மரத்துக்குள் ஒரு பொந்து. அதற்குள் எண்ணெய்க் குப்பியும், சுருட்டிய கயிறும் போகும். கயிற்றுக் குண்டைக் குழலுக்குள் இறக்கி, மறுமுனை வளையத்தில் நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய பிளனல் துணியைச் செருகி ஒரே இழுவையில் இழுப்பார்கள். அந்தத் துணி சுருளாக வரும், வெட்டும் இடம் தெரியச் சிவப்புக் கோடு போட்டிருக்கும். ரின்னின் மூலையில் பழைய துணி ஏதும் ஒட்டிக் கிடந்தால் எறிந்துவிடாதேயும்.

வட்டு, பிடியின் வலப்பக்கத்தில் ஒற்றை ஸ்குறூவால் பூட்டுவது. படைப்பிரிவின் சுருக்கப் பெயரும், துவக்கு றாக்கையில் எத்தனையாவது என்ற இலக்கமும் அதில் இருக்கும். முதலாம் உலகப்போரின் நடுவிலே, வேலையைச் சுருக்க வேண்டி, பிரிட்டனில் அதைப் பூட்டுவதை விட்டுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது மரத்துண்டில்தான். எஸ்.எல்.ஏ.இசட். என்பது ஸ்லாசெஞ்சர்! டென்னிஸ் மட்டை செய்கிற அதே கொம்பனி. இரண்டாம் உலகப்போரில் அவுஸ்திரேலியாவில் அவர்கள் லித்கோ ஆலையின் றைபிளுக்கு மரம் செய்து கொடுத்தார்கள். ஒல்லாந்தப் படை டென்னிஸ் விளையாடியிருந்தால்தான் உம்முடைய வியாபாரி சொல்வது சரி.

சீனக்குடாப் பெடியன்:
அப்படியென்றால் 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று இங்கே நின்ற துவக்கா? எழுதினால் நல்ல கதை. கரையோரம் மெட்டல் டிடெக்டரோடு ஒரு நடை போனால் மிச்சமும் கிடைக்குமே.

பித்தளைப்பெட்டி:
கதை நல்லது, ஆனால் சாமானில் அந்தத் திகதி இல்லையே. லீ என்பீல்டை ஆலைக்கு அனுப்பித் திருத்தும்போது பித்தளைத் தகட்டையும் மரத்தையும் கைக்கு வந்ததில் பூட்டி அனுப்புவார்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டை மட்டும் அப்படி மாற்ற முடியாது. தோட்டா உட்காரும் இடத்தில் இடைவெளி பிசகினால் ஆபத்து, அதனால் அதன் இலக்கமும் உடலின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வருஷமும் ஆலையும், பிடி மரம் செருகுகிற கழுத்து இரும்பின் வலப்பக்கத்தில், கிரீடத்துக்குக் கீழே இருக்கும். ஜோர்ஜ் மன்னர்கள் காலத்தில் பிரிட்டனில் செய்ததென்றால் ஜி.ஆர்., வங்காளத்து ஈஷாப்பூர் ஆலை என்றால் ஜி.ஆர்.ஐ. அந்த இரும்பு இல்லாமல் இது இன்ன துவக்கு என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் ஏதோ விற்கப் பார்க்கிறார்.

டிடெக்டர் கதையை இங்கே எடுக்காதேயும். அனுமதியில்லாமல் பழம்பொருள் தோண்டுவது குற்றம், பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. எங்கள் ஊரில் துவக்குச் சாமான் என்ற பேச்சுக்கே வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்துகிற காலம் ஒன்று இருந்தது. பித்தளைத் தகடு சுடாதுதான். குழலோ போல்ட்டோ விசைப்பகுதியோ அகப்பட்டால் படம் பிடித்துப் போடாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேளும்.

உவர்மலையான், இரண்டு வேலை செய்யும். பித்தளை மினுக்குகிற பிராசோ போடாதேயும், எழுத்தின் விளிம்பு போய்விடும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் பச்சைக் களிம்பை எடும். பிறகு தகட்டின் மேல்நுனி, மரத்தின் மேலே மடிந்து வருகிற நாக்கு, அதை ரோச் வெளிச்சம் சரிவாக விழப் பாரும். அங்கேயும் இலக்கம் குத்துவது வழக்கம்.

உவர்மலையான்:
ஐயா, பார்த்துவிட்டேன். களிம்புக்குக் கீழே 47 இருக்கிறது. வட்டில் 112. சித்தப்பா இப்போது இரண்டு ஒல்லாந்தர் துவக்கு என்கிறார்.

பித்தளைப்பெட்டி:
மரத்தையும் சேர்த்தால் மூன்று என்று சொல்லிவிடும். வியாபாரிக்குக் கொடுக்க வேண்டாம். தனித்தனிப் பையில் போட்டு, எதில் என்ன குத்தியிருக்கிறது என்று துண்டு எழுதி வையும். வட்டின் எழுத்தைக் கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து இங்கே போடும், நானும் பார்க்கிறேன்.