நம்ம மேளம் (நாயனக் குடும்பம்)

மீனா அத்தை: ஞாயித்துக்கெழம ரிசப்ஷனுக்குப் பொண்ணு வீட்டுல "மாங்குயிலே பூங்குயிலே" கேக்குறாங்க. பொண்ணோட தங்கச்சி கூடப் பாடுமாம். அதோட சுருதி அஞ்சு கட்டை.

பெரியப்பா: கரகாட்டப் பாட்டா? நம்ம மேளத்துலயா?

செல்வி: நாயனத்துல காருக்குறிச்சியாரே 1962ல கொஞ்சும் சலங்கை படத்துக்கு வாசிச்சாரு பெரியப்பா

பெரியப்பா: அது ஆபேரி ராகம். இது நையாண்டி மேளம்.

குமார்: ராகம் முடிஞ்சு இந்தப் பாட்டு எடுத்தா கை தானா ஓடும். எல்லாருக்கும் ஆசைதான், வெளிய சொல்றதில்ல

சேகர் சித்தப்பா: கட்டையப் பாருங்க மொதல்ல. பாரி, அதான் நீள நாயனம், ரெண்டு கட்டை எடுத்துக்கிட்டு மத்திம சுருதியில வாசிங்க. அதோட மத்திமம் (ம) பாடுற பொண்ணுக்கு சட்ஜம் (ச), சரியா அஞ்சு. ரெண்டரை எடுத்தா அஞ்சரைக்குப் போயிடும், மேல் ஸ்தாயில அது கத்தணும். சுருதிப் பெட்டியையும் அஞ்சுல வைக்கணும், ரெண்டுல விட்டுட்டா பாடுற புள்ள தடுமாறிடும்.

மீனா அத்தை: சேகரு, ஏசி ஹாலு

சேகர் சித்தப்பா: அதான் சொல்ல வந்தேன். ஏசி காத்துல வாயில வச்சு ஊதுற சீவாளி சீக்கிரம் காஞ்சு கீச்சுங்கும். நாலு சீவாளி ரெடியா வச்சுக்கிட்டு, வாசிக்காத நேரம் ஈரம் பண்ணிட்டே இருங்க. கொஞ்சம் சுருதி எறங்குனா சீவாளிய உள்ள தள்ளு, ஏறுனா வெளிய இழு. தவுலுக்கும் தோல் இறுகும், மேடைக்கு அரை மணி முன்னாடியே கொண்டு போய் வச்சு அப்புறம் வாரை இழுத்து சுருதி புடிங்க. மைக்கு நாயனத்தோட அடி வாய், அணசுலேர்ந்து மூணடி தள்ளி. எக்கோவ அணைக்கச் சொல்லு, நாக்கால வெட்டி ஊதுற துத்துகாரம் கொழம்பிடும்.

வசந்தி: யாராச்சும் பந்திக்கு எத்தன பேருன்னு சொல்லுங்களேன்

குமார்: தவுல் ரெண்டா?

சேகர் சித்தப்பா: ஒண்ணு போதும். ரெண்டு வச்சா போட்டி போட்டு ஓடுவாங்க, நாயனம் மூச்சு வாங்கும். வேகத்தத் தாளம் போடுறவன் புடிச்சு வைக்கணும். ரெண்டாவது சரணம் முடியிற வரைக்கும் தவுல் ஒரே நடையில நிக்கட்டும், அப்புறம் ஏத்திக்கலாம். நாயனம் ரெண்டு பேரும் வரிக்கு வரி மாத்தி எடுங்க, சேர்ந்து ஊதுனா கடைசி வேகத்துக்கு ஒருத்தருக்கும் மூச்சு இருக்காது.

வசந்தி: சம்பாவணைப் பணம் போன கல்யாணத்துல மாதிரி ஆகக் கூடாது

பெரியப்பா: அத இங்க பேசாத.

வசந்தி: எங்க பேசுறது மாமா?

செல்வி: தில்லானா மோகனாம்பாள் நலந்தானாவும் சேத்துக்கலாமா? மதுரை சேதுராமன் பொன்னுசாமி வாசிச்சதுதானே

பெரியப்பா: அத வாசி. அதுக்கு ஒண்ணும் இல்ல.

மீனா அத்தை: அப்ப மாங்குயில்? அவங்களுக்குச் சொல்லணும்ணே

வசந்தி: பந்திக்கு நூத்தம்பதுன்னு போட்டுடவா?

மீனா அத்தை: அண்ணே?

பெரியப்பா: தாலி கட்டுற மேடைக்கு அது வேணாம். ராத்திரி பந்தி ஓடுறப்ப பாக்கலாம்.

குமார்: பந்தி நேரத்துல யாரு கேப்பா பெரியப்பா

பெரியப்பா: அஞ்சு கட்டை சுருதிப் பெட்டி யார்ட்ட இருக்கு?