சினாப்டிக்: 32-பிட் மெசா நிறுவப் போனால் குனோமையே நீக்கச் சொல்கிறது

இளவேனில்64:
டெபியன் 12 லினக்ஸ், 64-பிட், குனோம் டெஸ்க்டாப். பேக்கேஜ்களை சினாப்டிக் என்ற வரைகலை மேலாளரில் நிர்வகிக்கிறேன். புதிய மெசாவுக்காக (கிராபிக்ஸ் லைப்ரரித் தொகுப்பு) வெளி ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்றைச் சேர்த்திருந்தேன். பிறகு செட்டிங்ஸ் → ரெப்பாசிட்டரீஸில் அதன் டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு பழைய 32-பிட் விளையாட்டுக்கு லிப்ஜிஎல்1-மெசா-டிஆர்ஐ பேக்கேஜின் ஐ386 (32-பிட்) வடிவம் தேவை. ஐ386 ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து, ரீலோட் செய்து, அதை மார்க் செய்தால் நீக்கப்படும் பட்டியலில் குனோம் ஷெல், ஜிடிஎம்3 (லாகின் திரை) எல்லாம் வருகின்றன. கீழே ஸ்டேட்டஸ் வரியில் "0 புரோக்கன்" என்றுதான் இருக்கிறது. எடிட் → ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அப்ளை இன்னும் அழுத்தவில்லை. என்ன செய்யலாம்?

மென்பொதி:
அழுத்தாமல் விட்டது நல்லது. முதலில் எடிட் → அன்மார்க் ஆல் கொடுங்கள், எல்லாக் குறிகளும் போய்விடும்.

ஏற்கெனவே நிறுவிய பேக்கேஜின் சார்பு நிறைவேறாமல் கிடந்தால்தான் சினாப்டிக் அதை புரோக்கன் என்று எண்ணும். உங்களிடம் அப்படி எதுவும் இல்லை, அதனால் அந்த மெனுவுக்கு வேலையும் இல்லை. தகராறு பதிப்பு எண்ணில் இருக்கிறது. மெசா லைப்ரரிகள் "மல்டி-ஆர்ச்: சேம்" வகை. ஏஎம்டி64 (64-பிட்), ஐ386 இரண்டும் ஒரே கணினியில் இருக்க வேண்டுமானால் பதிப்பு எண் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஏஎம்டி64 வெளி ரெப்போவிலிருந்து வந்தது. டிக்கை எடுத்தபின் ஐ386-க்குக் கிடைப்பது டெபியன் 12-இன் 22.3.6 மட்டும். இரண்டும் சேராது என்பதால் ஆப்ட் (சினாப்டிக்குக்கு அடியில் இயங்கும் பேக்கேஜ் கருவி) 64-பிட் மெசாவை நீக்கப் பார்க்கிறது. அதைச் சார்ந்த குனோமும் கூடவே போகிறது. பேக்கேஜை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் → வெர்ஷன்ஸ் பாருங்கள், இரண்டு எண்களும் தெரியும்.

ரெப்போவின் டிக்கை எடுத்தால் அதிலிருந்து வந்தவை தானாகப் பழைய பதிப்புக்குத் திரும்புவதில்லை. ஸ்டேட்டஸ் → இன்ஸ்டால்டு (லோக்கல் ஆர் அப்சலீட்) பகுதியில் அவை இப்போது வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து பேக்கேஜ் → ஃபோர்ஸ் வெர்ஷனில் 22.3.6-ஐக் குறியுங்கள்.

கட்டளைக்கோடு:
காரணம் சரி. ஆனால் மெசாவுக்கு ஃபோர்ஸ் வெர்ஷன் வழியை நான் சொல்லமாட்டேன். இரண்டு மெசா லைப்ரரிகளைப் பாருங்கள்: லிப்இஜிஎல்-மெசா0 தன் அதே பதிப்பு லிப்ஜிபிஎம்1-ஐத்தான் ஏற்கும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒன்றை மட்டும் இறக்கிக் குறித்த நொடியே மற்றவை முரண்பட்டு, மறுபடியும் அதே நீக்கல் பட்டியல் வந்து நிற்கும். தனித்து நிற்கும் ஒரு செயலியைக் கீழிறக்க அந்த மெனு அருமையானது. ஒரே மூலத்திலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு லைப்ரரிகளை ஒன்றாக இறக்க ஏற்றதல்ல.

அதற்கு முன் ஒன்று பாருங்கள்: அந்த வெளி ரெப்போ ஐ386-உம் தருகிறதா? தந்தால் டிக்கைத் திரும்பப் போட்டு, ரீலோட் செய்து, மார்க் ஆல் அப்கிரேட்ஸ் கொடுத்து 64-பிட்டைச் சமப்படுத்திவிட்டு 32-பிட்டை நிறுவலாம், கீழிறக்கமே வேண்டாம். ஏஎம்டி64 மட்டும் தருகிறது என்றால் டெபியனுக்குத் திரும்புவதுதான் வழி.

திரும்ப: ஈடிசி → ஆப்ட் → பிரிஃபரென்சஸ்.டி கோப்புறைக்குள் ஒரு கோப்பு உருவாக்கி மூன்று வரிகள் எழுதுங்கள் (இயல்பாகவே கட்டளை, கோப்பு எழுத்துகள் ஆங்கிலத்தில்; புக்வோர்ம் என்பது டெபியன் 12-இன் பெயர்):

பேக்கேஜ்: எஸ்ஆர்சி:மெசா
பின்: ரிலீஸ் என்=புக்வோர்ம்
பின்-பிரையாரிட்டி: 1001

ஒரு வெற்று வரி விட்டு, லிப்டிஆர்எம் (கிராபிக்ஸ் அட்டையோடு பேசும் லைப்ரரி) மூலத்துக்கும் இதே மூன்று வரிகள். சாதாரண ரெப்போவின் முன்னுரிமை 500. அந்த அளவில் ஆப்ட் எப்போதும் உயர்ந்த எண்ணையே பிடித்துக்கொள்ளும். 1000-ஐ எட்டினால்தான் கீழிறங்கச் சம்மதிக்கும். பேக்கேஜ் வரியில் சோம்பலாக நட்சத்திரக் குறி போட்டுவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் புக்வோர்ம்-செக்யூரிட்டி என்ற தனிப் பெயரில் வருகின்றன. நட்சத்திரம் போட்டால் அப்படித் திருத்தப்பட்ட பேக்கேஜ்களும் ஓட்டையுள்ள பழைய பதிப்புக்கு இறங்கிவிடும்.

பிறகு சினாப்டிக்கை மூடிவிட்டு (திறந்திருந்தால் பூட்டைப் பிடித்து வைத்திருக்கும்) டெர்மினலில் "ஆப்ட் அப்டேட்", அடுத்து "ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்" கட்டளையை முதலில் ஹைஃபன் எஸ் சேர்த்து ஒத்திகையாக ஓட்டுங்கள். கீழிறக்கப்படும் பட்டியலில் மெசா, லிப்டிஆர்எம் பேக்கேஜ்கள் மட்டும் இருந்து, குனோம் எதுவும் நீக்கப்படாவிட்டால் ஹைஃபன் எஸ் இல்லாமல் ஓட்டலாம்.

நிறைமதி:
தொடங்குவதற்கு முன் சினாப்டிக்கில் ஃபைல் → சேவ் மார்க்கிங்ஸ் ஆஸ் திறந்து, முழு நிலையையும் சேமிக்கும் கட்டத்தை டிக் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எது இருந்தது என்ற பட்டியல் கையில் இருக்கும். பதிப்பு எண்கள் அதில் வராது. சினாப்டிக் வழியாகச் செய்த மாற்றங்களின் எண்களை மட்டும் ஃபைல் → ஹிஸ்டரியில் தேதிவாரியாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. டெபியன் கீழிறக்கத்தை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. மெசா போன்ற லைப்ரரிகளில் பெரும்பாலும் தொந்தரவு வராது. தரவுத்தள சர்வரில் இதே வித்தையைச் செய்யாதீர்கள். புதிய பதிப்பு மாற்றி எழுதிய தரவுக் கோப்பைப் பழையது படிக்காமல் போகலாம்.

இளவேனில்64:
வெளி ரெப்போவில் ஐ386 இல்லை, எனவே அந்த பிரிஃபரென்சஸ் கோப்பு வழிதான். ஒத்திகையில் குனோம் தப்பியது. ஆனால் நீக்கப்படும் பட்டியலில் மெசா-லிப்கேலியம் என்று ஒன்று இருக்கிறது. பரவாயில்லையா?

கட்டளைக்கோடு:
பரவாயில்லை, அது போகத்தான் வேண்டும். மெசா 24.2-இலிருந்துதான் அந்தப் பேக்கேஜ் தனியாகப் பிரிந்தது, 22.3.6-இல் அதன் உள்ளடக்கம் லிப்ஜிஎல்1-மெசா-டிஆர்ஐக்குள்ளேயே இருக்கிறது. புதிய மெசா இழுத்து வந்த எல்எல்விஎம் (கம்பைலர்) லைப்ரரியும் இனி யாருக்கும் தேவைப்படாவிட்டால் ஸ்டேட்டஸ் → இன்ஸ்டால்டு (ஆட்டோ ரிமூவபிள்) பகுதியில் வந்து விழும், அங்கிருந்து நீக்கலாம்.

முடிந்ததும் ரீபூட் செய்து, பிறகு சினாப்டிக்கில் 32-பிட் பேக்கேஜை மார்க் செய்யுங்கள். நீக்கல் பட்டியல் இந்த முறை காலியாக இருக்க வேண்டும். எல்லாம் ஓடினால் அந்த பிரிஃபரென்சஸ் கோப்பை அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் புக்வோர்ம் ரெப்போ பட்டியலில் இருக்கும் வரை மெசாவை 22.3.6-ஐ விட்டு நகரவிடாது, நாளை பேக்போர்ட்ஸிலிருந்து (நிலையான டெபியனுக்குப் புதிய பதிப்புகள் தரும் ரெப்போ) புதியது வேண்டுமென்றாலும் ஏறாது.