அவசரம்: இலை அடியில கூழாகுது, என்ன செய்யிறது?

ட்ரிங்கோ_மல்லி
தெரிஞ்ச ஆராவது கெதியாச் சொல்லுங்கோ. வீட்டுக்குள்ள வச்ச செடி, இலை அடியில கூழ் மாதிரி ஆகுது. நேற்று ஒண்டு சரிஞ்சுது, இண்டைக்கு இன்னொண்டு. தண்ணி ஒழுங்காத்தான் ஊத்துறன். அம்மா கொழும்பால வாறதுக்குள்ள சரியாக்கோணும், அவவின்ர செடி. படம் ஏறுதில்ல.

பாலையூற்றான்
என்ன செடி?

கிண்ணியா_ராத்தா
செடிட பேரு சொல்லுங்க மகள். சாடி மண்ணா, பிளாஸ்டிக்கா? அடியில ஓட்டை இருக்கா? "ஒழுங்கா" எண்டா நாளுக்கு ஒருக்காவா, கிழமைக்கு ஒருக்காவா? கூழான இடத்தை மணந்து பாத்தீங்களா?

வயல்கரை
உப்புத் தண்ணி. வேற ஒண்டுமில்ல. கிணத்துத் தண்ணியால என்ர அந்தூரியம் எல்லாம் போச்சு. மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்கோ.

பாலையூற்றான்
அண்ணை, செடி என்னெண்டே இன்னும் தெரியாது.

மாஸ்டர்
இதே கேள்வி மாசா மாசம் வருது. பழைய பதில்களைத் தேடி வாசிக்கிற பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. செடியின் பெயர், இடம், வெளிச்சம், நீர், மண். இந்த ஐந்தையும் எழுதிவிட்டுக் கேளுங்கள், பதில் தானாக வரும்.

ட்ரிங்கோ_மல்லி
சொறி. ஸ்னேக் பிளான்ட், மஞ்சள் கரை வச்சது. ஏசி ரூமில நிக்குது. கிழமைக்கு மூண்டு தரம் ஊத்துறன். பைப்புத் தண்ணி. மண் வாங்கேக்க இருந்ததுதான். கொஞ்சம் மணக்குது.

பாலையூற்றான்
ஏசி குளிர்தான். காத்து நேரா இலையில படுதோ?

கிண்ணியா_ராத்தா
ஏசிக் குளிர் இந்தச் செடியை ஒண்டும் செய்யாது தம்பி. 10 பாகைக்குக் கீழ போனாத்தான் அதுக்குக் கரைச்சல். பிரச்சின வேற: அந்த அறையில வெளிச்சம் குறைவு, அதால செடி தண்ணி குடிக்கிறதும் குறைவு. நேர்சரியில நட்டு விக்கிறது கூடுதலாத் தும்புச்சோத்துல, தேங்காய்த் தும்புத் தூள்லதான். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்கு நனைஞ்ச பஞ்சு. இப்ப மார்கழி மழை வேற, காத்தே ஈரம். மூண்டு தரம் ஊத்தினா வேர் மூச்செடுக்க ஏலாம அழுகும்.

வயல்கரை
உப்பையும் மறக்கக் கூடாது.

பாலையூற்றான்
டவுன் பைப்புக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணிதான் வருது, அதுல எங்க உப்பு? உப்பெண்டா இலை நுனி காஞ்சு கருகும், அடி கூழாகாது.

மாஸ்டர்
இது வேரழுகல். கப்டான் கரைத்து ஊற்றவும். நம் நாட்டு மருள் வரண்ட பற்றைக்காட்டில் ஒருவரும் நீர் ஊற்றாமல் வளர்கிறது. அதன் மேற்கு ஆப்பிரிக்க உறவுதான் உங்கள் அறையில் நிற்பது. இந்த அடிப்படை தெரிந்தால் கிழமைக்கு மூன்று தரம் ஊற்ற மாட்டீர்கள்.

கிண்ணியா_ராத்தா
சேர், கப்டான் பூஞ்சணத்துக்கு. மணத்தோட கூழாகுதெண்டா கூடுதலா பக்டீரியாதான், அதுக்கு மருந்து ஊத்தி வேலையில்ல. ஊத்தினா இன்னும் நனையும். வெட்டி எறியிறதுதான் வழி.
மகள், செடியை முழுசா வெளிய எடுத்து வேரைக் கழுவுங்க. வேரும் கிழங்கும் செம்மஞ்சளா இருந்தா பயப்பட வேணாம், இந்தச் செடிக்கு நிறமே அதுதான். கன பேர் அதை அழுகல் எண்டு நினைச்சு நல்ல வேரை வெட்டிப் போடுறாங்க. நிறத்தைப் பாக்காம விரலால அமத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா நல்லது. தோல் வழுகி உள்ள நார் மட்டும் கையில வந்தா அது செத்தது. கத்தியை ஸ்பிரிட்டால துடைச்சிட்டு வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பத் துடைங்க. வெட்டின முகத்துல கபிலப் புள்ளி ஒண்டும் தெரியாத இடம் வரைக்கும் போகணும். பிறகு ரெண்டு மூண்டு நாள் நிழல்ல காய விட்டுத்தான் நடணும், உடன மண்ணுக்குள்ள வைக்கப்படாது.

பாலையூற்றான்
படுக்கிற அறையில வச்சா இரவில ஒட்சிசன் தரும் எண்டுதானே எல்லாரும் இதை வாங்குறாங்க. வெளிச்சத்துக்கெண்டு வரவேற்பறைக்கு மாத்தினா அந்தப் பலன் போயிடாதோ?

மாஸ்டர்
நாசாவே நிரூபித்த விடயம். 1989ஆம் ஆண்டு ஆய்வு.

சீனக்குடா_காத்து
சேர், அந்த ஆய்வு காத்துப் போகாத சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள செய்தது, அதுவும் நச்சு வாயுவை உறிஞ்சுதோ எண்டு பாக்க. ஒட்சிசன் கதை அதில இல்ல. 2019இல பழைய ஆய்வு பலதையும் சேர்த்துக் கணக்குப் பாத்தாங்கள். யன்னலால வந்து போற காத்து செய்யிற வேலையைச் செடி செய்யோணுமெண்டா, ஒரு சதுர மீற்றருக்கு 10 தொடக்கம் 1000 செடி வேணுமாம். கட்டிலை எங்க போடுறது?

மாஸ்டர்
இது இரவில் இலைத்துளை திறக்கும் வகைத் தாவரம். அதை மறுக்கிறீர்களா?

சீனக்குடா_காத்து
திறக்கும், ஆனா கரியமில வாயுவை எடுத்து வைக்கத்தான். ஒட்சிசன் வாறது பகல் வெளிச்சத்தில. பகல்ல துளை மூடியிருக்கிறதால நீர் இழப்புக் குறைவு. அதாலதான் இதுக்குத் தண்ணி பெருசாத் தேவையில்ல. நீங்க சொன்னதே ராத்தாவின்ர பக்கம்தான் நிக்குது.

மாஸ்டர்
இணையத்தில் நான்கு வரி வாசித்தவர்களோடு எனக்கு வாதமில்லை.

வயல்கரை
பிள்ளை எங்க? செடி செத்துப் போச்சோ?

கிண்ணியா_ராத்தா
மகள், ஓட்டை இருக்கா எண்டு கேட்டனே, அதுக்கு மட்டும் பதில் இல்ல.

ட்ரிங்கோ_மல்லி
பிளாஸ்டிக் சாடியில ஓட்டை இருக்கு ராத்தா. அதை வெள்ளைப் பீங்கான் சாடிக்குள்ள இறக்கி வச்சிருக்கு, வடிவுக்கு. அதில ஓட்டை இல்ல. இப்ப தூக்கிப் பாத்தன், அடியில நாலு விரல் தண்ணி. கறுப்பா.

பாலையூற்றான்
😶

கிண்ணியா_ராத்தா
அதான். வேர் நாளெல்லாம் குளத்துல நிண்டிருக்கு. வெட்டிக் காய வச்சிட்டு மண்சாடியில நடுங்க. ஆத்துமணல் பாதி, மிச்சம் செங்கல் நொறுக்கும் கரித்துண்டும், கொஞ்சம் கூட்டெரு. கடல் மணல் அள்ளிப் போட்டுடாதீங்க, அதுல உப்பு.

வயல்கரை
உப்பெண்டு நான் முதலே சொன்னன்.

கிண்ணியா_ராத்தா
இனிமேல் நாள்க் கணக்குப் பாத்து ஊத்த வேணாம். ஒரு ஈர்க்கை அடிவரைக்கும் குத்தி எடுங்க. தூள் ஒட்டிக்கொண்டு வந்தா ஊத்தாதீங்க. ஊத்தேக்க இலை நடுக்குருத்துல தண்ணி தேங்கவும் விடாதீங்க, அங்கயிருந்தும் அழுகும்.

ட்ரிங்கோ_மல்லி
கிழங்கில ஒரு துண்டு கல்லு மாதிரி இருக்கு, ரெண்டு இலையோட. வெட்டிக் காய வச்சிட்டன், மிச்சத்தை எறிஞ்சன். சரிஞ்ச இலையின்ர மேல் பாதி இன்னும் பச்சை. அதை நட்டா வருமா? அம்மா சனிக்கிழமை வாறா.

கிண்ணியா_ராத்தா
வரும், முளைக்க மாசக்கணக்காகும். ஆனா இலைத்துண்டுலயிருந்து வாற குட்டிக்கு மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சைதான். கரை வேணுமெண்டா அந்தக் கிழங்குத் துண்டைக் காப்பாத்துங்க. இலையை நடுறதெண்டா மேல் கீழ் மாறாம நடுங்க, தலைகீழா வச்சா வேரே வராது.